பாஸ்போர்ட்டும் மூச்சும்

ரம்ஜான் மாத இரவுகளில் மாஸ்க் ரோட்டுக்குச் சாப்பிடப் போகாத பெங்களூர்க்காரர்கள் குறைவு. அந்தச் சாலை இருக்கும் பிரேசர் டவுன், பிளேக் நோயால் பிறந்த பேட்டை என்று அறிந்தவர்களும் குறைவுதான். 1898-ல் பிளேக் கன்டோன்மென்டை உலுக்கியது. அங்கிருந்த நெரிசலைத் தளர்த்துவதற்காக வடகிழக்கு ஓரத்தில் புதிதாக மனை பிரித்துச் சாலை போட்டார்கள். மைசூர் ரெசிடென்டாக இருந்த ஸ்டூவர்ட் மிட்ஃபோர்டு பிரேசரின் பெயரில் 1910-ல் குடியிருப்பு எழுந்தது. பின்னாளில் அரசு இதற்குப் புலிகேசி நகர் என்று பெயர் மாற்றியது. ஆட்டோக்காரர்கள் இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை.

திட்டம் வகுத்தவர் கன்டோன்மென்ட் நகராட்சியின் பொறியாளர் ஜே. எச். ஸ்டீபன்ஸ். அவர் பெயரிலும் அங்கே ஒரு சாலை உண்டு. பிளேக் புகாத நகரமைப்பு பற்றி 1914-ல் ஒரு நூலே எழுதினார். எலி வளை பறிக்க முடியாத அடித்தளம், வெளிச்சமும் காற்றும் நுழையும் ஜன்னல்கள், வீட்டுக்கு வீடு இடைவெளி என்பதுதான் அவருடைய சூத்திரம்.

கொள்ளைநோயின் முதல் வாரங்களில் அவசர சிகிச்சைப் பிரிவு எப்படி இயங்குகிறது என்று சொல்ல வந்த அத்தியாயத்தில் மனைப் பிரிவுக் கதை எதற்கு? ஸ்டீபன்ஸுக்கு இருந்த ஒரு வசதியைக் காட்டத்தான். நோய் ஊருக்குள் வந்ததற்கும் அவர் கட்டிய பேட்டை எழுந்ததற்கும் நடுவே பன்னிரண்டு ஆண்டுகள். எலியும் அதன் மேல் வாழும் தெள்ளுப்பூச்சியும்தான் நோயைச் சுமக்கின்றன என்பது அதற்குள் உறுதியாகிவிட்டது. எதை அடைக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு அவர் அடைத்தார். கேஷுவாலிட்டி வாசலில் நிற்கும் டியூட்டி டாக்டருக்கு இந்த வசதி கிடையாது. பன்னிரண்டு நிமிடம் கிடைத்தாலே அவருக்கு அதிகம்.

1896-ல் பம்பாயின் மாண்ட்வி பகுதியில் தலைகாட்டிய பிளேக், ரயில் தடம் பிடித்துத் தெற்கே இறங்கியது. 1898 ஆகஸ்டில் ஹூப்ளியிலிருந்து ரயிலில் வந்த ஒருவர் வழியாகப் பெங்களூருக்குள் புகுந்ததாகப் பதிவு. அப்போதே கிருமி யார் என்பது தெரியும். 1894-ல் ஹாங்காங்கில் அலெக்சாந்தர் யெர்சின் அதைப் பிடித்துவிட்டார். தடுப்பூசிகூட இருந்தது, 1897 ஜனவரியில் பம்பாயில் ஹாஃப்கின் அதைத் தன் உடம்பிலேயே முதலில் செலுத்திப் பார்த்தார். தெரியாமல் இருந்தது ஒன்றே ஒன்று: கிருமி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எந்த வழியாகப் போகிறது?

வழி தெரியாதபோது மனிதர்கள் கண்ணுக்குத் தெரிவதைத் துரத்துவார்கள். அன்றைக்குக் கண்ணுக்குத் தெரிந்தது அழுக்கு, இருட்டு, நெரிசல், ஏழை. வீடுகளின் கூரையைப் பிரித்தார்கள், சுவரில் கிருமிநாசினி அடித்தார்கள், பண்டபாத்திரங்களை எரித்தார்கள், நோயாளியையும் குடும்பத்தையும் முகாமுக்கு இழுத்துப் போனார்கள். 1897-ல் வந்த தொற்றுநோய்ச் சட்டம் இதற்கெல்லாம் அதிகாரம் கொடுத்தது. புனேயில் இந்தக் கெடுபிடி தாங்காமல் அந்த ஆண்டு ஜூனில் பிளேக் அதிகாரி ராண்டைச் சுட்டே கொன்றார்கள். நெறிகட்டி பிளேக் பெரும்பாலும் மனிதரிடமிருந்து மனிதருக்கு நேரே தாவுவதில்லை. எலி செத்து விழுந்ததும் தெள்ளுப்பூச்சி வேறு இரத்தம் தேடி மனிதர் மேல் ஏறுகிறது. ஆகவே நோயாளியைப் பிரித்து வைத்ததில் கிடைத்த பலன் சொற்பம். எலி விழுந்ததும் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்கு வெளியே குடிசை போட்டுக்கொண்ட கிராமத்து ஜனங்கள்தான் சரியான காரியத்தைச் செய்தார்கள். அவர்களுக்குத் தெள்ளுப்பூச்சிக் கொள்கை தெரியாது. எலி செத்தால் வீடு ஆகாது என்பது தெரியும். அதுவே போதுமாக இருந்தது. கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் பிளேக் மாரியம்மனுக்குக் கோயில் எழுந்ததும் இந்தக் காலத்தில்தான்.

1898 ஜூனில், பெங்களூருக்குப் பிளேக் வருவதற்கு இரண்டு மாதம் முன்பு, கராச்சியில் பால்-லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் ஒரு கண்ணாடி ஜாடிக்குள் சாகக் கிடந்த எலியையும், அதனருகே கம்பிக் கூண்டில் ஓர் ஆரோக்கியமான எலியையும் வைத்தார். இரண்டும் ஒன்றையொன்று தொட முடியாது. தெள்ளுப்பூச்சி மட்டும் தாவலாம். ஐந்தாறு நாளில் இரண்டாம் எலியும் செத்தது. விடை கையில் இருந்தது. ஆனால் உலகம் அவரை நம்பவில்லை. 1905-ல் தொடங்கிய பிளேக் ஆராய்ச்சி ஆணையம் பம்பாயில் மறுபடி செய்துபார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள். விடை பிறந்ததற்கும் அதை வார்டில் நிற்பவர் நம்பியதற்கும் இடையே விழுந்த அந்தப் பள்ளத்தில் இந்தியா முழுவதும் லட்சக்கணக்கில் மடிந்தார்கள்.

இனி 2020.

சீன விஞ்ஞானிகள் புதிய வைரஸின் முழு மரபணு வரிசையை ஜனவரி இரண்டாம் வாரத்திலேயே வெளியிட்டுவிட்டார்கள். யெர்சினுக்கு நுண்ணோக்கியில் தெரிந்ததைவிட ஆயிரம் மடங்கு நுணுக்கமான அடையாளம் அது. ஜனவரி 30-ல் கேரளத்தில் இந்தியாவின் முதல் தொற்று. மார்ச் 9-ல் பெங்களூரில் முதல் தொற்று அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவிலிருந்து திரும்பிய ஒரு மென்பொருள் ஊழியர். மார்ச் 11-ல் உலக சுகாதார நிறுவனம் இதைப் பெருந்தொற்று என்றது. அதே நாளில் கர்நாடக அரசு, 1897-ன் அதே பழைய சட்டத்தைத் தூசி தட்டி எடுத்து, கொரோனாவுக்கென விதிமுறைகள் வெளியிட்டது. 123 ஆண்டுகளில் ஆயுதம் மாறவில்லை.

மறுநாள் இன்னொரு செய்தி. கலபுரகியில் மார்ச் 10-ஆம் தேதி இறந்த 76 வயது முதியவருக்குக் கொரோனா இருந்தது உறுதியானது. இந்தியாவின் முதல் மரணம். உயிரோடு இருந்தபோது ஹைதராபாத் வரைக்கும் கொண்டுபோய் மருத்துவமனைகளில் காட்டியிருந்தார்கள். அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவருக்கும் சில நாளில் தொற்று உறுதியானது. முதல் வாரங்களின் முழுச் சிக்கலும் இந்த ஒரு சம்பவத்தில் இருக்கிறது: சோதனை முடிவு வரும்போது நோயாளி இல்லை, அதற்குள் அவர் எத்தனையோ வாசல்களைத் தாண்டியிருந்தார்.

அந்த வாசல்களில் அப்போது கேட்ட முதல் கேள்வி, "வெளிநாட்டிலிருந்து வந்தீர்களா?" காய்ச்சல், இருமல் இருந்தாலும் பயண வரலாறோ, தொற்றாளரோடு நெருங்கிய தொடர்போ இல்லாவிட்டால் சோதனை கிடையாது என்பது அன்றைய விதி. சோதனைக் கருவிகள் கையளவே இருந்ததால் விதி முட்டாள்தனமானதல்ல. ஆனால் அதன் உள்ளே ஒரு பொறி இருந்தது. பயணம் செய்தவரை மட்டும் சோதித்தால் பயணம் செய்தவரிடம் மட்டுமே தொற்று தெரியும். உடனே, பார்த்தீர்களா, உள்ளூரில் பரவவே இல்லை என்று சொல்லத் தோன்றும். 1898-ல் அழுக்கு வீட்டைத் தேடியவர்களுக்கு அழுக்கு வீட்டில்தான் பிளேக் தெரிந்தது. 2020-ல் பாஸ்போர்ட்டைத் தேடியவர்களுக்குப் பாஸ்போர்ட்டில்தான் கொரோனா தெரிந்தது. மார்ச் 20-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் விதியை விரித்தது: கடுமையான மூச்சுத் தொற்றோடு வார்டில் சேரும் எல்லோரையும், எங்கும் போகாதவராக இருந்தாலும், சோதிக்கலாம். அன்றிலிருந்துதான் வாசலில் பார்வை கடவுச்சீட்டிலிருந்து மார்புக்கூட்டுக்கு இறங்கியது.

சோதனை முடிவு கைக்கு வந்தாலும் அதை எப்படி நம்புவது என்பது அடுத்த கேள்வி. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கொரோனாவுக்கே உரிய அறிகுறிகளோடு 100 பேர் எமர்ஜென்சிக்கு வருகிறார்கள். அவர்களில் 80 பேருக்கு உண்மையிலேயே தொற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூக்கிலிருந்து எடுக்கும் மாதிரி, தொற்று உள்ளவர்களில் 70 சதவீதத்தினரைப் பிடிக்கும் என்று கொள்வோம். எடுத்த விதம், எடுத்த நாள் சரியில்லாவிட்டால் இதைவிடவும் குறையும். 56 பேர் பாசிட்டிவ். 24 பேர் நழுவிவிட்டார்கள். தொற்று இல்லாத 20 பேரையும் சேர்த்தால் நெகட்டிவ் என்று சீட்டு வாங்கியவர்கள் 44 பேர். அந்த 44-ல் 24 பேருக்கு, அதாவது பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு, நோய் இருக்கிறது! நெகட்டிவ் சீட்டைக் காட்டியதும் பொது வார்டுக்கு அனுப்பிய மருத்துவமனைகள் இந்தக் கணக்கில்தான் வழுக்கின. தேர்ந்த எமர்ஜென்சி மருத்துவர்கள் சீட்டை ஓரமாக வைத்துவிட்டு நோயாளியைப் பார்த்தார்கள்: மூச்சு எத்தனை, ஆக்சிஜன் எவ்வளவு, எக்ஸ்-ரேயில் இரண்டு பக்கமும் வெண்புகை படிந்திருக்கிறதா? சந்தேகம் தீரும்வரை அவர் தொற்றாளர்தான்.

அதற்கு இடம் வேண்டும். சாதாரண நாளில் கேஷுவாலிட்டிக்கு ஒரே வாசல். நெஞ்சுவலியும் வண்டி விபத்தும் காய்ச்சலும் அதே வாசலில் வரும். முதல் வாரங்களில் செய்த மிகப் பெரிய சிகிச்சை, மருந்து எதுவும் இல்லாமல், அந்த வாசலை இரண்டாக்கியது. ஷாமியானா கட்டி, நாற்காலிகளை ஒரு மீட்டர் தள்ளிப் போட்டு, செக்யூரிட்டி அருகிலேயே ஒரு சிஸ்டரை நிறுத்தி, மூச்சுத் தொந்தரவு உள்ளவர்களைத் தனிப்பாதையில் திருப்பினார்கள். மாநகராட்சி, காய்ச்சலுக்கென்றே தனி கிளினிக்குகள் திறந்தது. மார்ச் இறுதியில் விக்டோரியா மருத்துவமனை கொரோனாவுக்கு ஒதுக்கப்பட்டது. 1898 பிளேக்குக்குப் பிறகு, 1900-ல் கர்சன் பிரபு திறந்துவைத்த மருத்துவமனை அது.

வாசலைப் பிரித்தார்கள், காற்றைப் பிரிக்க மறந்தார்கள். மார்ச் 28-ல் உலக சுகாதார நிறுவனம், இந்த நோய் காற்றில் பரவுவதில்லை என்று அடித்துச் சொல்லி ஒரு ட்வீட் போட்டது. பெரிய துளிகள் ஒரு மீட்டருக்குள் விழுந்துவிடும், ஆகவே கையைக் கழுவு, மேஜையைத் துடை என்பதுதான் அன்றைய வேதம். தெருவெல்லாம் ஹைப்போகுளோரைட் பீய்ச்சியடித்தார்கள். காய்கறியைச் சோப்புத் தண்ணீரில் அலசினோம். மறுபடியும் கண்ணுக்குத் தெரிந்த பரப்புகளைத்தான் துரத்திக்கொண்டிருந்தோம். ஏசி போட்டு ஜன்னலை மூடிய எமர்ஜென்சி அறைக்குள், பேசும்போதும் இருமும்போதும் வெளிவரும் நுண்திவலைகள் மணிக்கணக்கில் மிதந்தன. அந்த நிறுவனம் தன் பேச்சைத் திருத்திக்கொள்ள ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. சிமோனுக்கு ஏற்பட்ட தாமதத்தோடு ஒப்பிட்டால் பரவாயில்லை என்று தேற்றிக்கொள்ளலாம். ஆனால் என்95 முகக்கவசம் யாருக்கு, துணி முகக்கவசம் யாருக்கு என்று பங்கிட்டபோது இந்தத் தவறின் விலையை ஆயாக்களும் வார்டு பாய்களும் கொடுத்தார்கள்.

பிரேசர் டவுனுக்குப் பக்கத்தில், சிவாஜிநகரை ஒட்டி, பௌரிங் மருத்துவமனை இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸின் லாரிபோசியர் மருத்துவமனையின் அமைப்பைப் பார்த்துக் கட்டியது. அந்த அமைப்பின் சாரமே காற்றோட்டம்: நீண்ட தனித்தனி வார்டுகள், உயர்ந்த கூரை, இரு புறமும் ஜன்னல். கெட்ட காற்றுதான் நோயைக் கொண்டுவருகிறது என்ற பழைய, பிழையான நம்பிக்கையில் பிறந்த வடிவம். பிளேக்குக்கு அது உதவவில்லை. மூச்சு வழி பரவும் நோய்க்கு உதவும் என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. பெருவின் லிமா நகரில் மருத்துவமனை அறைகளை அளந்து 2007-ல் வெளியிட்ட ஆய்வில், 1950-க்கு முன் கட்டிய உயரக்கூரை வார்டுகளில் ஜன்னலைத் திறந்துவைத்தால் மணிக்கு 40 முறை காற்று முழுதாக மாறியது. நவீனக் கட்டடங்களில் 17 முறை. காசநோய் தொற்றும் அபாயம், கணக்குப்படி, பழைய அறைகளில் 11 சதவீதம். எந்திரக் காற்றோட்டம் உள்ள அறைகளில் 39 சதவீதம். தவறான கொள்கை சரியான ஜன்னலை வைத்துவிட்டது. நாம் சரியான கொள்கையோடு அதை மூடி ஏசி மாட்டினோம்.

இப்போது நோயாளியிடம் வருவோம்.

2020 வசந்தத்தில் உலகெங்கும் எமர்ஜென்சி மருத்துவர்களைத் திகைக்க வைத்த காட்சி ஒன்று உண்டு. ஐம்பது வயதுக்காரர் நடந்தே வருகிறார். கொஞ்சம் அசதி என்கிறார். போனில் பேசிக்கொண்டிருக்கிறார். விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினால் 78 காட்டுகிறது. வழக்கமாக அந்த அளவில் ஆள் மூச்சுக்குத் தவித்து, நீலம் பாய்ந்து, நினைவு தப்பிக் கிடப்பார். கருவி பழுது என்று வேறொன்றை மாட்டிப் பார்த்தார்கள். அதிலும் 78.

இதன் விளக்கம் அழகானது. மூச்சுத் திணறல் என்று நாம் உணர்வது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவையல்ல, கரியமில வாயு சேர்வதை. நீருக்கடியில் மூச்சை அடக்கினால் நெஞ்சு முட்டுகிறதே, அது மூளைத்தண்டு கரியமில வாயுவைக் கண்டு அடிக்கும் மணி. கரியமில வாயு நுரையீரல் சவ்வைக் கடப்பதில் ஆக்சிஜனைவிடச் சுமார் இருபது மடங்கு சுலபம். கொரோனாவின் ஆரம்பக் கட்டத்தில் நுரையீரலின் சில பகுதிகள் வீங்கி ஆக்சிஜனை விடாது. ஆனால் மீதிப் பகுதிகள் விரைந்து மூச்சு விட்டுக் கரியமில வாயுவை வெளியேற்றிவிடும். நுரையீரல் இன்னும் விறைக்காததால் மூச்சிழுக்கவும் சிரமமில்லை. ஆகவே மணி அடிக்காது. உள்ளே ஆக்சிஜன் இறங்கிக்கொண்டே இருக்கும்.

இறங்குவதிலும் ஒரு சூது உண்டு. இரத்தத்தின் ஆக்சிஜன் அழுத்தம் 100 மில்லிமீட்டரிலிருந்து 60-க்குச் சரிந்தாலும் ஆக்சிமீட்டர் எண் 90-ஐ ஒட்டியே நிற்கும். அதற்குக் கீழே மலைச்சரிவு போலச் செங்குத்து. இந்தத் தட்டையான உச்சியால்தான் கடல்மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே, சென்னையைவிடக் காற்றழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்த பெங்களூரில், ஆரோக்கியமானவருக்கு 97 என்றே காட்டுகிறது. நோயாளிக்கு இதுவே ஆபத்து: 97-லிருந்து 92-க்கு வந்தது சின்ன இறக்கம்போலத் தெரியும், உண்மையில் அவர் விளிம்புக்கு வந்துவிட்டார். இந்திய மருத்துவர்கள் இதற்கு ஓர் எளிய உத்தியைக் கைக்கொண்டார்கள். விரலில் கருவியோடு ஆறு நிமிடம் நடக்கச் சொல்வது. உட்கார்ந்தபோது 95 இருந்து, நடந்த பிறகு 90 ஆனால் வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

ஆக்சிமீட்டரின் அடிப்படையை 1970-களில் கண்டுபிடித்தவர் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி. அவருடைய கருவிக்கு உலகமே கடை கடையாக அலைந்த 2020 ஏப்ரல் 18-ல், 84 வயதில் காலமானார். செய்தி மூலைக்குப் போனது.

நம்மூர்க்காரர்கள் கட்டாயம் அறிய வேண்டிய ஒன்று. கருவி, விரலின் ஊடே ஒளியைச் செலுத்தி அளக்கிறது. தோலின் கருமை அந்த ஒளியில் குறுக்கிடும். 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியவர்களின் தமனி இரத்தத்தை நேரடியாக அளந்தபோது, உண்மையில் 88-க்குக் கீழே இருந்தவர்கள் கறுப்பின நோயாளிகளில் 11.7 சதவீதம், வெள்ளையரில் 3.6 சதவீதம். கருந்தோல் கொண்டவர்கள் நிறைந்த ஊரில் 94 என்ற கோட்டை வைத்துக்கொண்டு, 95 காட்டியவரைத் திருப்பி அனுப்பிய ராத்திரிகளை நினைத்தால் கவலையாகத்தான் இருக்கிறது.

எண் குறைவாக வந்தவரை என்ன செய்வது? மார்ச் மாத யோசனை: சீக்கிரமே மூச்சுக்குழாயில் டியூப் போட்டு வென்டிலேட்டரில் இணை. காரணங்கள் இரண்டு. ஒன்று, பிறகு அவசரத்தில் போடுவதைவிட முன்கூட்டி நிதானமாகப் போடுவது நல்லது. மற்றொன்று வெளியே அதிகம் சொல்லாதது: மூடிய டியூப் வழியே மூச்சு விட்டால் அறைக்குள் வைரஸ் குறையும். ஆக, சிகிச்சை முடிவில் சிகிச்சை செய்பவரின் பயமும் ஒரு பங்கு வகித்தது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் பயம் கலந்த முடிவு என்று தெரிந்திருக்க வேண்டும். மார்ச் இறுதியிலேயே இத்தாலிய நிபுணர் லூசியானோ காத்தினோனி, இந்த நுரையீரல்கள் பாடப்புத்தக நுரையீரல்கள் மாதிரி இல்லை என்று எழுதி எச்சரித்தார். அவர் சொன்னது முழுக்கச் சரியா என்ற விவாதம் வெகுநாள் நடந்தது. எமர்ஜென்சிக்காரர்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை. நோயாளியைக் குப்புறப் படுக்கச் சொன்னார்கள்.

நம் நுரையீரலின் பெரும்பகுதி முதுகுப் பக்கம் இருக்கிறது. மல்லாந்து படுத்தால் இதயமும் வயிறும் அதை அழுத்தும். கவிழ்ந்தால் அழுத்தம் விலகி அந்தப் பகுதி விரிகிறது. இரத்தம் ஓடும் இடத்துக்குக் காற்றும் வந்து சேர்கிறது. வென்டிலேட்டரில் இருப்பவர்களுக்கு இதன் பலன் 2013-லேயே ஒரு பிரெஞ்சு ஆய்வில் நிரூபணமானது. விழித்திருப்பவர்களுக்கு? நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் லிங்கன் மருத்துவமனை எமர்ஜென்சியில், வந்தபோது ஆக்சிஜன் நடுமதிப்பு 80 ஆக இருந்த 50 பேரைப் பார்த்தார்கள். ஆக்சிஜன் வைத்ததும் 84. குப்புறப் படுத்து ஐந்து நிமிடத்தில் 94. ஒப்பிட்டுப் பார்க்க மறுதரப்பே இல்லாத சின்ன ஆய்வு அது, ஏப்ரல் 2020-ல் வெளியானது. ஆனால் செலவு ஒரு தலையணை. தவறாகப் போனால் நோயாளி திரும்பிப் படுத்துக்கொள்வார். இப்படிப்பட்ட சிகிச்சையை அரைகுறைச் சான்றோடு தொடங்கலாம் என்பது என் கட்சி. பிறகு ஆறு நாடுகளில் 1,100-க்கு மேற்பட்டவர்களைக் கொண்டு சீட்டுக் குலுக்கி நடத்திய ஆய்வில், டியூப் தேவைப்பட்டவர்கள் அல்லது இறந்தவர்கள் 46 சதவீதத்திலிருந்து 40 ஆகக் குறைந்தார்கள். 84-லிருந்து 94-க்குத் தாவிய அற்புதம் அளவுக்கு இல்லை. ஆனால் பொய்யுமில்லை.

ஆக்சிஜனுக்கும் ஒரு கணக்கு உண்டு. முதல் வாரங்களில் அதைப் போட்டவர்கள் குறைவு. பெரிய சிலிண்டரில் சுமார் 7,000 லிட்டர். பையோடு கூடிய முகமூடியில் நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓட்டினால் பதினொன்றரை மணி நேரம் வரும். மூக்கு வழியே நிமிடத்துக்கு 60 லிட்டர் அனுப்பும் கருவியை முழு ஆக்சிஜனில் ஓட்டினால் இரண்டு மணி நேரம்கூட வராது. வென்டிலேட்டர் எத்தனை என்று அமைச்சர்கள் எண்ணிக்கொண்டிருந்தபோது, குழாய்க்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று சிறிய மருத்துவமனைகளில் பிளான்ட் ஆபரேட்டர்தான் கவலைப்பட்டார்.

கவச உடைக் கதையையும் சொல்லிவிட வேண்டும். 2020 தொடங்கியபோது இந்தியாவில் தரமான முழுக்கவச உடை தயாரிப்பு ஏறக்குறைய இல்லை. பெங்களூரின் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் ஒன்றிரண்டு மாதத்தில் நாட்டின் முக்கிய உற்பத்தி மையமாகிவிட்டன. அந்தத் துணியைச் சோதித்தது கோயம்புத்தூரின் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம், சிட்ரா. செயற்கை இரத்தத்தை அழுத்தத்தோடு துணியின் மேல் செலுத்தி, தையல் வழியாகக் கசிகிறதா என்று பார்ப்பார்கள். உடை தேறினாலும் ஆபத்து தீராது. கழற்றும் நேரம்தான் தொற்றும் நேரம். எட்டு மணி நேர வேர்வைக்குப் பிறகு, தாகத்தோடு, அவசரமாகக் கழற்றும்போது கை கழுத்தில் படும். அதனால் கழற்றுபவரைப் பார்த்துக்கொண்டே இன்னொருவர் ஒவ்வொரு படியாகச் சொல்ல வேண்டும் என்ற வழக்கம் வந்தது.

இவ்வளவு ஏற்பாட்டில் காணாமல்போனவர்கள், கொரோனா இல்லாத நோயாளிகள். இந்திய இதயவியல் சங்கம் 187 மருத்துவமனைகளில் எடுத்த கணக்கில், 2020 மார்ச் நடுவிலிருந்து ஜூன் நடுவரை மாரடைப்போடு சேர்ந்தவர்கள் முந்தைய ஆண்டைவிட 35 சதவீதம் குறைவு. ஊரடங்கில் மாரடைப்பும் அடங்கிவிடாது. வண்டி கிடைக்காமலும், ஆஸ்பத்திரி என்றால் தொற்று என்று அஞ்சியும் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். வந்தவர்களிலும் பலருக்குச் சோதனைச் சீட்டு இல்லாமல் கதவு திறக்கவில்லை. ஜூன் இறுதியில், பெங்களூரில் மூச்சுத் திணறலோடு ஒருவரை 18 மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோயும் இடம் கிடைக்காமல் அவர் இறந்த செய்தி நாட்டையே உலுக்கியது. நோயாளி யார் என்று தீர்மானிக்கும்வரை நிறுத்திவைக்க ஓர் இடைநிலை அறை, நான்கு கட்டில், ஒரு சிலிண்டர்: இந்தச் சின்ன ஏற்பாடு இல்லாத இடத்தில், வாசலைப் பிரிக்கும் விஞ்ஞானம் வாசலை மூடும் சாக்காகிவிட்டது. அதே நாட்களில் சிவாஜிநகர் எச்.பி.எஸ். மருத்துவமனையின் டாக்டர் தாஹா மதீன், ஆள் இல்லை, மருத்துவர்களும் தன்னார்வலர்களும் வாருங்கள் என்று காணொளியில் வேண்டுகோள் விடுத்தார். பிரேசர் டவுனிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடத் தூரம்.

மருந்துகளைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். முதல் வாரங்களில் அவை செய்தது அவ்வளவுதான். மார்ச்சிலேயே ஹைட்ராக்சிகுளோரோகுயினை மருத்துவப் பணியாளர்களுக்குத் தற்காப்பாகப் பரிந்துரைத்தார்கள். ஜூன் 5-ல் பிரிட்டனின் ரெகவரி ஆய்வு, வார்டில் சேர்ந்த நோயாளிகளுக்கு அது உதவவில்லை என்று அறிவித்தது. அதே ஆய்வு ஜூன் 16-ல் ஒரு நல்ல செய்தியையும் தந்தது: எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும் மலிவான டெக்சாமெத்தசோன், வென்டிலேட்டரில் இருந்தவர்களின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்சிஜனில் இருந்தவர்களுக்கு ஐந்தில் ஒரு பங்கு. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலனே இல்லை. தீங்கின் சாயல்கூடத் தெரிந்தது. ஆகவே இந்த மருந்தை யாருக்குக் கொடுப்பது என்பதையும் விரலில் மாட்டிய அந்த எண்தான் தீர்மானித்தது. இந்தியா இரண்டு வாரத்துக்குள் அதை நெறிமுறையில் சேர்த்தது.

பிளாஸ்மா விஷயத்தில் இந்தியாவே முந்திக்கொண்டது. குணமானவரின் இரத்தத்திலிருந்து பிளாஸ்மா எடுத்து நோயாளிக்கு ஏற்றினால் எதிரணுக்கள் கிடைக்கும் என்பது கேட்கவே நியாயமாக இருந்தது. டில்லியிலும் பெங்களூரிலும் அதற்குப் பெரிய ஆர்வம். அந்த ஆர்வத்தின் நடுவிலேயே, ஏப்ரல் 22-ல், மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 39 மருத்துவமனைகளில் 464 பேரைக் கொண்டு சீட்டுக் குலுக்கும் ஆய்வைத் தொடங்கி ஜூலை நடுவில் முடித்தது. முதல் வாரங்களின் அமளியில் அப்படியோர் ஆய்வை நடத்தியது இந்திய மருத்துவத்தின் சாதனைகளில் ஒன்று என்றே சொல்வேன். முடிவு: நோய் முற்றுவதையோ மரணத்தையோ பிளாஸ்மா தடுக்கவில்லை. அக்டோபரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அது வெளியானது. 2021 ஏப்ரலில் வாட்ஸ்அப் குழுக்கள் முழுக்க, எந்த இரத்த வகை, எந்த மருத்துவமனை, யாருக்கு உடனே பிளாஸ்மா வேண்டும் என்ற செய்திகளாக ஓடின. தேசிய நெறிமுறையிலிருந்து பிளாஸ்மாவை நீக்கியது 2021 மே 17-ல். நாட்டின் தினசரித் தொற்று நான்கு லட்சத்தைத் தாண்டி உச்சம் தொட்டு, அப்போது பத்து நாளுக்கு மேல் ஆகியிருந்தது.